கல்லின் மேனியும் திருப்பணியும்: விருதுநகர் வட்டாரத்தை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

தென்காசியில் காசி விசுவநாதருக்குக் கற்றளி எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தன் திருப்பணியைக் குறித்துக் கல்லிலே வெட்டுவித்த செய்யுட்களுள் ஒன்றில், இவ்வாலயத்திற்குப் பிற்காலத்தில் ஏதேனும் பழுது நேருமாயின் அதனை வந்து நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியத் தான் பணிவதாகச் சொல்லியிருக்கிறான். முடிமன்னன் ஒருவன், இன்னும் பிறவாத ஸ்தபதிக்கும் கல்தச்சனுக்கும் முன்கூட்டியே செய்துவைத்த அந்த வணக்கம் நம் நாட்டுச் சாசனங்களிலே அபூர்வமானது. சிவகாசி என்னும் ஊர்ப்பெயருக்குக் காரணமாக வழங்கிவரும் ஐதிகமும் காசியிலிருந்து இலிங்கம் கொணர்ந்த பாண்டியனைப் பற்றியதே ஆகலின், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் பெயர்போன இவ்வட்டாரத்துக் கற்கோயில்களைப் பற்றி எழுதப் புகும்போது அவ்வரசனை நினைத்துக்கொள்வது பொருந்தும்.

பழுதை நீக்குவோரை வணங்கிய அவன், பழுது நீக்கும் முறை இன்னதென்று அச்செய்யுளிலே சொல்லவில்லை. அக்காலத்தில் அதைச் சொல்லவேண்டிய அவசியமும் இருந்திராது; கட்டிய கையும் செப்பனிடும் கையும் ஒரே சம்பிரதாயத்தில் பயின்றவை, உளியும் சுண்ணாம்பும் அன்றி வேறு பெரிய சாதனம் இருவருக்கும் கிடையாது. இன்றோ காற்றழுத்தப் பொறியும், சிமெண்டும், எனாமல் வர்ணமும், கண்ணாடிபோல் மெருகிட்ட கிரானைட் பலகையும், எந்தச் சிற்றூர்த் திருப்பணிக் குழுவின் கைக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆகவே ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கேட்கப்படாத கேள்வியை இப்போது கேட்டேயாக வேண்டும்: பழங்கட்டடத்தைப் புதுப்பிக்கையில் வெளியே தெரியும் கல்லை என்ன செய்வது?

விருதுநகர் மாவட்டத்தில் இக்கேள்விக்கு இலக்காகும் கட்டடங்கள் குறைவல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயி சந்நிதியின் பதினொரு நிலைக் கோபுரம் 190 அடிக்கு மேல் ஓங்கி நிற்கிறது. நாயக்கர் காலத்துக் கோபுரங்களுக்குரிய முறைப்படி அதன் கீழ்த்தளம் கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். ஆண்டாள் கோயில் மண்டபங்களிலே ஆளுயரத்திற்கு மேற்பட்ட நாயக்கர் காலச் சிற்பத் தூண்கள் இருக்கின்றன. திருச்சுழியில், இரமண மகரிஷி 1879-இல் பிறந்த அவ்வூரிலே, தேவாரப் பாடல் பெற்ற திருமேனிநாதர் கோயில் உண்டு. திருச்சுழிக்கு அருகே உள்ள பள்ளிமடம், பெருங்கூட்டம் செல்லாத இடமாயினும், சரித்திர ஆராய்ச்சியாளர் பெரிதும் மதிக்கும் தலம்.

பள்ளிமடத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட, சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்துச் சாசனங்கள் பல அங்கே கிடைத்துள்ளன. சுந்தரபாண்டிய ஈசுவரம் என்று அக்கோயில் அவற்றிலே குறிக்கப்படுகிறது. அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் பள்ளிப்படையாக, அதாவது சமாதிக் கோயிலாக, அது எழுந்தது என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் யார், எத்தனை ஆடு, எந்த ஊரார் அதற்குப் பொறுப்பேற்றனர் என்பன போன்ற செய்திகளே இத்தகைய சாசனங்களில் மிகுதி. அவற்றைக் கொண்டுதான் அரசர் வரிசையும், ஊராட்சியும், நில அளவையும் நமக்கு விளங்குகின்றன. இத்தனை சரித்திரத்தையும் தாங்கி நிற்பது கல்லின் முழுக்கனம் அன்று. அதன் மேற்புறத்திலே ஒரு நெல்லின் பருமன்கூட இல்லாத மேனிதான். அந்த மேனி போய்விட்டால் சுவர் நிற்கும், கூரை நிற்கும், பூசை நடக்கும். வீரபாண்டியன் மாத்திரம் போய்விடுவான்.

அம்மேனியை உரிப்பதற்கென்றே ஒரு முறை நம் நாட்டுக் கோயில்களிலே சில காலம் செல்வாக்குடன் விளங்கியது. அழுத்தப்பட்ட காற்றோடு மணலைக் கலந்து குழாய் வழியே கல்லின்மீது பீய்ச்சியடிக்கும் மணல்வீச்சு முறைதான் அது. இரும்புக் கப்பலின் துருவை நீக்கவும் பாலத்தின் உத்தரங்களைச் சுரண்டவும் ஏற்பட்ட இவ்வுபாயத்தை, தலைமுறை தலைமுறையாக எண்ணெய்ப் பிசுக்கும் விளக்குப் புகையும் சுண்ணாம்புப் பூச்சும் ஏறிய தூண்களின்மீது பிரயோகித்தவுடன், ஒரே நாளில் கல் வெளுத்து, இன்று வெட்டியதுபோல் காட்சி தந்தது, பார்த்தவர் மகிழ்ந்தனர், உபயதாரர் பூரித்தனர். ஆனால் வெளுத்தது அழுக்கு நீங்கியதால் மாத்திரம் அன்று. கருங்கல் ஒரே பொருளால் ஆனதன்று; கடினமான படிகமும், அதனினும் மென்மையான களிக்கல் வகைகளும், எளிதில் பிரியும் அப்பிரகமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது அது. மணல் தாக்கும்போது மென்மையானவை முதலில் உதிர்ந்து, வன்மையானவை துருத்தி நிற்க, சிற்பி மாதக்கணக்கில் தேய்த்து ஏற்றிய மெருகு போய், தேவியின் விரல் நகமும், ஆடையின் மடிப்பும், எழுத்தின் ஓரமும் மழுங்குகின்றன. சொரசொரப்பாகிவிட்ட அப்பரப்பிலே பழைய பிசுக்கைவிடப் புதுப் பிசுக்கு விரைவாகப் பற்றும் என்பது வேறு சங்கடம். பணியாளின் நுரையீரலிலே கல்தூசி படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீராநோய் வருவதைப் பற்றியோ, திருப்பணி மலர்களில் யாரும் எழுதுவதில்லை. அறநிலையத் துறை இம்முறையைத் தடைசெய்துவிட்டது நன்மையே; தடைக்கு முன் உரிந்தது உரிந்ததுதான்.

அப்படியாயின் பிசுக்கை நீக்கவே கூடாதா என்று கேட்கலாம். நீக்கலாம், அவசரமின்றி நீக்கவேண்டும். தொல்லியல் துறையிலே இரசாயனப் பிரிவு 1917-லேயே ஏற்பட்டுவிட்டது. கல்லைக் கழுவுதல் ஒரு சாஸ்திரம் என்பதை அன்றே நம்மவர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அதுவே சான்று. அவர்கள் கையாளும் வழிகள் பார்ப்பதற்கு வெகு சாதாரணமானவை. காரமோ அமிலமோ இல்லாத மென்சவக்கார நீர், மிகவும் நீர்த்த அம்மோனியா, மெல்லிய நார்த்தூரிகை ஆகியவற்றைக் கொண்டு முதலில் ஒரு மூலையிலே சாண் அகலத்தில் சோதித்துப் பார்த்து, கல்லுக்குத் தீங்கில்லையென்று தெளிந்தபின் மேலே செல்வர். எண்ணெய் ஆழமாக ஊறியிருக்குமாயின் களிமண்ணையோ காகிதக் கூழையோ பத்துப்போட்டு, அது உலர உலர அழுக்கை உறிஞ்சும்படி விடுவர். தாஜ்மஹாலின் சலவைக்கல்லுக்கு மண்பத்தும், உப்புக்காற்றில் அரிக்கப்பட்ட மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்குக் காகிதக் கூழ்ப்பத்தும் இவ்வாறே இடப்பட்டன. ஒரு தூணுக்குப் பல நாள் பிடிக்கும் என்பதுதான் இதில் உள்ள ஒரே குறை. கும்பாபிஷேகத்திற்கு நாள் குறித்தபின் வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு அது பெருங்குறையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழங்கட்டடம் என்றால் வெறுங்கல்லாகத் தெரிவதே அதன் இயற்கை என்றொரு எண்ணம், படித்தவரிடையே, சுற்றுலாப் படங்களின் வாயிலாகப் பரவியிருக்கிறது. அது முற்றும் உண்மையன்று. 1931-ஆம் ஆண்டில், காஞ்சி கைலாசநாதர் கோயிலில், மணற்கல்லின்மீது பூசியிருந்த சுதையின் அடியிலே பல்லவர் கால ஓவியங்கள் இருப்பதை ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். அதே ஆண்டில், தஞ்சைப் பெரியகோயிலின் உட்சுற்றிலே நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டு உலகுக்கு அறிவித்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேலோவியத்தையும் அழிக்காமல் தனியே பெயர்த்தெடுத்து, இரண்டையும் காத்தனர். அச்சுவர்களைக் கல் தெரியும்படி சுரண்டுவோம் என்று ஒரு பக்திமான் முன்பே புறப்பட்டிருந்தால், அவருடைய சிரத்தையே இரு காலத்துச் சித்திரங்களுக்கும் யமனாகியிருக்கும். ஆகவே பூச்சு என்றாலே அழுக்கு என்று கொள்ளாமல், அது எக்காலத்துப் பூச்சு, அதனடியில் யாது உள்ளது என்று படலம் படலமாகப் பார்த்தபிறகே எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று நிச்சயிக்கவேண்டும். சென்ற ஐம்பது ஆண்டுகளிலே பட்டை பட்டையாகத் தீட்டிய எனாமல் வர்ணத்தை எடுத்துவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வைக்கும் சாந்தைப் பற்றிய விவகாரம் இவ்வட்டாரத்திலே ஒரு விசித்திரமான வடிவம் பெறுகிறது. விருதுநகர்ச் சீமை சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர்பெற்றது. பந்தல்குடிப் பக்கத்திலே நிலத்தின் அடியில் அது பாளம் பாளமாகக் கிடக்கிறது. அக்கல்லை நம்பியே 1960-களின் தொடக்கத்தில் ராமசாமி ராஜா நகரிலும், அதன்பின் ஆலங்குளத்தில் அரசாங்கத்தின் முயற்சியாலும், சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. மூலப்பொருள் ஒன்றுதான். காளவாயில் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, மணல் சேர்த்துப் புளிக்கவைத்து, கல்லுருளை சுற்றும் வட்டக் காடியிலே அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் இச்சீமையில் குறைவின்றிக் கிடைக்கும் பனைவெல்லமும் கூட்டினால் அது சாந்து. களிமண்ணோடு சேர்த்து மிகக் கடும் வெப்பத்தில் உருகும் பக்குவம்வரை எரித்துப் பொடித்தால் சிமெண்ட். முன்னது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மாதக்கணக்கில் மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. வெயிலில் கட்டடம் விரிந்து இரவில் சுருங்கும்போது அதுவும் உடன் இசைந்து கொடுக்கிறது. நுண்ணிய வெடிப்பு விழுந்தால் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அவ்வெடிப்பில் படிந்து அதை அடைத்தும் விடுகிறது. பின்னது ஒரே நாளில் இறுகி, பின் அசைய மறுக்கிறது. உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாமல் தடுத்து, தன்னிடமுள்ள கார உப்புக்களையும் அதில் கரைத்து, அருகிலுள்ள செங்கல்லிலும் சுதையிலும் வெள்ளையாகப் பூக்கச் செய்கிறது. உப்பு படிகமாகும்போது எழும் அழுத்தத்தால் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது.

நல்ல கருங்கல்லுக்குச் சிமெண்டினால் நேரும் தீங்கு, மணற்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நேரும் அளவு கடுமையானது அன்று என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். கருங்கல் நீரை மிகச் சிறிதே உறிஞ்சுவது. ஆனால் நம் கோயில்கள் கருங்கல்லோடு முடிந்துவிடுவன அல்ல. மண்டபத்தின் மேல்தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்த தளவரிசை இருக்கிறது. கோபுரத்தில் சுதை இருக்கிறது. மேலே ஒழுகினால் கீழே கருங்கல் உத்தரத்தில் பாசியும் கறையும் ஏறும். கல்லைக் கழுவிக் கழுவிப் பயனில்லை, கூரையைச் செப்பனிடவேண்டும். வெளித்தெரியும் கல்லின் வியாதிகளுக்குப் பெரும்பாலும் மூலஸ்தானம் தலைக்குமேல் உள்ள ஒழுக்கே என்பது, வேலை தெரிந்த கொத்தனார் எவரும் முதலில் சொல்லும் வார்த்தை. பழைய கற்சுவர்களிலே பல இடங்களில் இரு கல்லுக்கு நடுவே சாந்தே இராது. கல்லின் எடையாலும் பொருத்தத்தின் நேர்த்தியாலுமே அவை நிற்கின்றன. அவ்விடுக்குகளிலே சிமெண்டை அப்பி, பார்டர் கட்டியதுபோல் வெள்ளைக்கோடு இழுத்துவிடும் வழக்கம் அவசியமற்றது, அலங்கோலமானது.

கல் பழுதாவதற்குரிய மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடுக்கிலே முளைத்த அரசங்கன்றை வேரோடு இழுத்தால் கல்லும் உடன் வரும். அதை வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்து, பிறகே எடுக்கவேண்டும். கல்லைப் பிணைக்க வைத்த இரும்பு துருப்பிடித்துப் பன்மடங்கு பருத்துக் கல்லைப் பிளக்கும். அவ்விடத்தில் துருவேறா எஃகு வேண்டும். கரிசல் மண் மழையில் ஊதிக் கோடையில் பிளப்பது. அஸ்திவாரத்தின் பக்கத்திலே நீர் தேங்கவிடாமல் வடிகால் அமைப்பது எந்தக் கல்வேலையினும் முந்தியது.

நெருப்பைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். பட்டாசுச் சீமையில் இருந்துகொண்டு அதைத் தாண்டிப் போவது சரியாகாது. 1923-ஐ ஒட்டி, சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிலே தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய நாளிலிருந்து, மழை குறைந்த இந்த வறண்ட வானிலையே இவ்வூர்களுக்கு மூலதனமாயிற்று. மருந்து அறைகளை ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியே கட்டவேண்டும் என்ற சட்டத்தை, அதனை மீறுவதால் விளையும் துக்கங்களையும் சேர்த்து, இங்குள்ளோர் நன்கறிவர். ஆனால் அதே ஊரார் கோயிலுக்குள் வந்தவுடன், கல் எரியாது என்ற தைரியத்தில், கல்மண்டபத்தின்மேல் கீற்றுப்பந்தல் போடவும், அதனருகே வாணவேடிக்கை விடவும் தயங்குவதில்லை. தஞ்சைப் பெரியகோயிலில் 1997 ஜூன் 7-ஆம் நாள், கும்பாபிஷேகத்திற்கென்று அமைத்த யாகசாலைப் பந்தல் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கல் எரிவதில்லை, ஆனால் வெந்து வெடிக்கும். கருங்கல்லில் உள்ள படிகம் 573 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென்று பருக்கிறது. அதனோடு கலந்துள்ள மற்றப் பொருள்கள் அவ்வாறு பருப்பதில்லை. இந்த வேற்றுமையால் கல்லினுள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எங்கும் ஓடுகின்றன. மேல்தோல் சூடேறி உட்புறம் குளிர்ந்திருப்பதால் தகடு தகடாகப் பெயர்ந்து விழுவதும் உண்டு. கொதிக்கும் கல்லின்மீது அணைப்பதற்காகப் பாய்ச்சும் குளிர்ந்த நீர் அத்தீங்கை மேலும் பெருக்குகிறது. உயிரைக் காக்க வேண்டியிருக்கையில் அதைத் தவிர்க்கவும் முடியாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த வீரவசந்தராயர் மண்டபத்திலே, 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு கடைகளில் பற்றிய தீ, இதையெல்லாம் நம் கண்முன்னே நிரூபித்துக் காட்டியது. ஒற்றைக் கல்லாலான நெடிய தூண்கள் பிளந்தன, கூரைக்கற்கள் சரிந்தன.

தீப்பட்ட கல் பாரம் தாங்குமா என்று எப்படி அறிவது? ஸ்தபதி சுத்தியால் தட்டிக் கேட்பார். கணீரென்று ஒலித்தால் உயிருள்ள கல், ஓசை அடங்கினால் உள்ளே முறிந்த கல். ஒலியைக் கொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் என வகுத்த சிற்பநூல் மரபின் தொடர்ச்சி இது. செவிக்கெட்டாத ஒலியலைகளைக் கல்லினூடே செலுத்தி, அவை மறுபுறம் வந்துசேரும் வேகத்தை அளந்து, கீறல் உண்டா இல்லையா என்று சொல்லும் இன்றைய கருவியும் அடிப்படையில் அதே தத்துவத்தைத்தான் கையாள்கிறது. ஒன்று மற்றொன்றைத் திருத்திக்கொள்ளும்படி இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே விவேகம். மதுரையில் பிளந்த தூண்களுக்குப் பதிலாகப் புதியவை செய்யவே தீர்மானிக்கப்பட்டது. அத்தனை நீளத்தில் பழுதற்ற கல் எங்கும் கிடைப்பதில்லை. நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டாரத்துக் குவாரியிலிருந்து பாறைகளைக் கொணர்ந்து மதுரைக்கருகே செதுக்கவேண்டி வந்தது. ஓரிரவில் அழிந்ததை மீட்க ஆண்டுகள் பல கடந்தன.

அங்கே புதுக்கல் இட்டதை நான் குறைகூற மாட்டேன். ஜான் ரஸ்கினும், 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் கண்ட வில்லியம் மாரிஸும், பழையதைப் புதிதாக்குவது மோசடி என்று இங்கிலாந்திலே முழங்கினார்கள். 1923-இல் ஜான் மார்ஷல் நம் தொல்லியல் துறைக்கு எழுதிய கையேடும் பெரும்பாலும் அக்கொள்கையைத் தழுவியதே. ஆனால் வழிபாடு நடக்கும் ஆலயத்தைப் பாழடைந்த மாளிகைபோல் அப்படியே விட்டுவைக்க முடியாது. மயமதம் முதலிய நம் சிற்ப நூல்களும் புதுப்பித்தலுக்கென்றே தனி விதிகள் வகுத்துள்ளன. பாரத்தைத் தாங்கமாட்டாத கல்லை மாற்றுவது வேறு. பாரத்தைச் செவ்வனே தாங்கிக்கொண்டு, கண்ணுக்கு மாத்திரம் பழையதாகத் தோன்றும் கல்லை மாற்றுவதும் உரிப்பதும் வேறு. முன்னது திருப்பணி. பின்னது, எத்துணைப் பக்தியோடு செய்யப்பட்டாலும், அழிப்பு.

அதிகாரிகளின் மேற்பார்வை இதற்குப் போதாதா என்றால், முறைகள் எழுத்திலே இருக்கவே செய்கின்றன. திருப்பணி ஒவ்வொன்றும் வல்லுநர் குழுவின் அனுமதி பெறவேண்டும் என்பது விதி. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கொன்றில், 2021 ஜூன் 7-ஆம் நாள், புராதனக் கோயில்களையும் சின்னங்களையும் காப்பதற்கென்று 75 கட்டளைகள் பிறப்பித்தது. எனினும் சாரத்தின்மேல் ஏறி நிற்பவர் நீதிபதி அல்லர். நாட்கூலிக்கு வந்த தொழிலாளி. அவரிடம் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று சுண்ணாம்புக்கோடு போட்டுக் காட்டுபவர் யாரும் இல்லையாயின், கட்டளைகள் ஏட்டோடு நிற்கும்.

உபயதாரர்களுக்குத் தனியே ஒரு விண்ணப்பம் உண்டு. அதிஷ்டானத்தை மறைக்கும்படி தரையை உயர்த்தி மெருகுக்கல் பாவுவதும், பழங்கல்வெட்டின் மேலேயே தம் பெயர் பொறித்த கருப்புக் கிரானைட் பலகையைத் திருகாணியிட்டு அடிப்பதும், இவ்வட்டாரத்தில் மாத்திரமன்று, தமிழ்நாடெங்கும் காணக்கூடியவை. ஆடு கொடுத்து விளக்கெரித்த ஒருவரின் பெயரை மூடித்தான், விளக்கு வாங்கிக்கொடுத்த இன்னொருவரின் பெயர் விளங்கவேண்டுமா? உங்கள் ஊர்க் கோயிலிலே பாலாலயம் செய்து சாரம் கட்டுமுன், தொல்லியல் துறையினரை அழைத்துச் சுவரிலும் தூணிலும் உள்ள சாசனங்கள் அனைத்திற்கும் மைப்படி எடுக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு கல்லையும் எண்ணிட்டுப் புகைப்படம் பிடித்து வையுங்கள். கொடுக்கும் பணத்தில் முதற்பங்கைக் கூரையின் ஒழுக்கை அடைக்கவும் நல்ல சுண்ணாம்பு அரைக்கவும் ஒதுக்குங்கள். உங்கள் பெயர்ப்பலகையை மதிற்சுவரின் வெளிப்புறத்திலே வைத்துக்கொள்ளுங்கள்.